அக்கெனாதென்: ஒரே கடவுளோடு நின்ற பாரோ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்தை மொத்தம் 17 ஆண்டுதான் ஆண்டவர். பிரமிடு கட்டவில்லை, பெயர் சொல்லும்படி போர் எதையும் வெல்லவும் இல்லை. ஆனாலும் துட்டன்காமுனுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்படுவது இவரைப் பற்றித்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பல தெய்வங்களைக் கும்பிட்டுவந்த நாட்டில், வானத்துச் சூரிய வட்டம் ஒன்றே போதும் என்றார். அவர் கண்மூடிச் சில ஆண்டுகளுக்குள் அந்த வழிபாடு மண்ணோடு மண்ணானது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

யார் இந்த அக்கெனாதென்?

18ஆம் அரச மரபைச் சேர்ந்த பாரோ. தமிழ் பைபிள் படித்தவர்களுக்குப் பார்வோன். ஆண்டது சுமார் கி.மு. 1353 முதல் 1336 வரை. புத்தகத்துக்குப் புத்தகம் இந்த ஆண்டுகள் கொஞ்சம் முன்பின் இருக்கும். தந்தை மூன்றாம் ஆமென்ஹோதெப், தாய் தீயே. பட்டத்துக்கு உரியவர் அண்ணன் துத்மோஸ். அவர் முன்பே இறந்துபோனதால் அரியணை தம்பிக்கு வந்தது.

அப்போது இவர் பெயர் நான்காம் ஆமென்ஹோதெப். 'ஆமுன் மனம் நிறைந்தார்' என்பது அதன் பொருள். தெற்கே தீப்ஸ் நகரத்தின் கர்நாக் கோயிலில் குடியிருந்த ஆமுன்தான் அன்று எகிப்தின் முதல் தெய்வம். ஐந்தாம் ஆட்சியாண்டில் அந்தப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, 'ஆதெனுக்குப் பயன்படுபவன்' என்று பொருள்படும் அக்கெனாதென் என்ற பெயரைச் சூடிக்கொண்டார்.

ஆதென் அவர் புதிதாக உண்டாக்கிய கடவுளா?

இல்லை. ஆதென் என்றால் சூரிய வட்டம், சாதாரணச் சொல். அக்கெனாதெனுக்குப் பல நூற்றாண்டு முந்தைய எகிப்தியக் கதையொன்றிலேயே, இறந்த மன்னர் வானேறி ஆதெனோடு கலந்தார் என்று வருகிறது. அவருடைய தந்தை தன்னையே 'ஒளிவீசும் ஆதென்' என்று சொல்லிக்கொண்டவர். அரசப் படகுக்கும் ஆதென் பெயரையே வைத்திருந்தார். விதை அப்பா போட்டது.

மகன் செய்த புதுமை, அந்தக் கடவுளைக் காட்டிய விதத்தில் இருக்கிறது. எகிப்தியத் தெய்வங்களுக்கு உடல் உண்டு. ஆமுனுக்கு மனித முகம், ஹோரஸுக்குப் பருந்துத் தலை, அனூபிஸுக்கு நரித் தலை. ஆதெனுக்கு முகமும் இல்லை, உடலும் இல்லை. மேலே ஒரு வட்டம். அதிலிருந்து கீழே விசிறிபோல் விரியும் கதிர்கள். ஒவ்வொரு கதிரின் நுனியிலும் ஒரு சின்னக் கை. அந்தக் கைகளில் சில, உயிரைக் குறிக்கும் அங்க் சின்னத்தைப் பிடித்து மூக்கருகே நீட்டுகின்றன. யாருடைய மூக்கருகே என்று கவனியுங்கள்: அரசர், அரசி. பக்கத்தில் குனிந்து நிற்கும் அதிகாரிக்கோ வேலையாளுக்கோ அது நீட்டப்படுவதில்லை. இந்த மதத்தை விளங்கிக்கொள்ள இந்த ஒரு படமே முக்கால்வாசி போதும்.

இன்னொன்று. அரசர்களின் பெயரை எழுதும் நீள்வட்டச் சட்டத்துக்குள் ஆதெனின் பெயரையும் எழுதினார்கள், ஒன்றல்ல, இரண்டு சட்டங்களில். வானத்தில் ஓர் அரசர், பூமியில் ஓர் அரசர்.

எதற்காக இப்படி மாறினார்? ஆமுன் பூசாரிகளோடு தகராறா?

பள்ளிப் புத்தக விடை அதுதான்: ஆமுன் கோயிலுக்கு நிலமும் பொன்னும் குவிந்து, பூசாரிகள் அரசருக்கே சவாலாகிவிட்டார்கள், அவர்களை ஒடுக்கவே புது மதம். இதில் உண்மை கொஞ்சம் உண்டு. முந்தைய அரசர்கள் போரில் கொண்டுவந்ததில் பெரும்பங்கு கர்நாக்குக்குத்தான் போனது. நான்காம் ஆட்சியாண்டில் ஆமுனின் தலைமைப் பூசாரி மாய், கல் வெட்டிக் கொண்டுவர வாதி ஹம்மாமத் பாலைவனத்துக்கு அனுப்பப்பட்டார். அங்குள்ள பாறை எழுத்து அதைச் சொல்கிறது. ஊரைவிட்டுத் தள்ளிவைக்கத்தான் அனுப்பினார் என்று படிப்பவர்கள் உண்டு.

ஆனால் வெறும் அதிகாரச் சண்டை என்றால், பூசாரிகளை மாற்றிவிட்டுத் தன் ஆட்களைப் போட்டிருந்தாலே போதும். கடவுளின் பெயரைக் கல் கல்லாகத் தேடிக் கொத்த வேண்டியதில்லை. ஊர் எல்லையில் அவர் நாட்டிய கல்வெட்டு ஒன்று கோபமும் ஆற்றாமையுமாகப் பேசுகிறது: நான்காம் ஆண்டில் கேட்டதைவிட மோசம், முன்னோர் கேட்டதைவிட மோசம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. எதைக் கேட்டார் என்ற இடத்தில் கல் சிதைந்து கிடக்கிறது! என்னைக் கேட்டால், அவர் உண்மையாகவே நம்பினார். நம்பிக்கையும் அதிகார ஆசையும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே.

எல்லாம் ஒரே நாளில் நடந்ததா?

படிப்படியாக. முதல் சில ஆண்டுகளில் ஆமுனின் கர்நாக் வளாகத்துக்குப் பக்கத்திலேயே ஆதெனுக்குக் கோயில்கள் எழுந்தன; மற்றத் தெய்வங்களும் இருந்தன. ஐந்தாம் ஆண்டில் பெயர் மாறியது, புதுத் தலைநகருக்கு எல்லைக்கல் நாட்டப்பட்டது. சில ஆண்டு கழித்து ஆதெனின் முழுப்பெயரையே திருத்தினார்கள். அதில் ஹோரஸையும் காற்றுத் தெய்வம் ஷூவையும் நினைவூட்டும் சொற்கள் இருந்தன, அவை நீங்கின.

இதன்பிறகுதான் உளி வேலை. எகிப்து முழுக்கக் கோயில் சுவர்களில் ஆமுன் என்ற பெயர் கொத்தி எடுக்கப்பட்டது. உயரமான கல்தூண்களின் உச்சியில் இருந்ததைக்கூட விடவில்லை. சொந்தத் தந்தையின் பெயரில் இருந்த ஆமுனுக்கும் அதே கதிதான். சில இடங்களில் 'தெய்வங்கள்' என்ற பன்மைச் சொல்லைத் தேடிப்பிடித்து அழித்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வேலையாட்கள் கையில் எழுத்தின் வடிவத்தை மட்டும் கொடுத்து அனுப்பினார்களோ என்னவோ, தொடர்பில்லாத சொற்களும் அங்கங்கே அடிபட்டிருக்கின்றன.

அப்படியானால் இதுதான் உலகின் முதல் ஓரிறைக் கொள்கையா?

அதிகம் சண்டை நடக்கும் இடம் இது. ஆம் என்பவர்கள் காட்டுவது ஆதென் பெரும்பாடல். பின்னாளில் பாரோவாகவே ஆன ஆய் என்ற அதிகாரி, தனக்காகப் புதுத் தலைநகரான அமர்னாவில் வெட்டிவைத்த கல்லறையின் சுவரில் அது இருக்கிறது. ஒப்பார் இல்லாத ஒரே கடவுளே என்று ஆதெனை அழைக்கிறது.

பாடலின் அழகையும் சொல்லிவிட வேண்டும். சூரியன் மறைந்தால் உலகம் செத்ததுபோல் கிடக்கிறது. தலைமாட்டில் உள்ளதைத் திருடினாலும் தூங்குகிறவருக்குத் தெரியாது. சிங்கம் குகையைவிட்டு வருகிறது, பாம்பு கடிக்கிறது. விடிந்ததும் மக்கள் குளித்து உடுத்திக் கைகூப்புகிறார்கள், கன்றுகாலி புல்லில் மேய்கிறது, மீன் துள்ளுகிறது. முட்டை ஓட்டுக்குள் இருந்தபடியே கீச்சிடும் குஞ்சுக்கு மூச்சு கொடுப்பவன் நீ என்கிறது பாடல். அயல்நாட்டாரின் மொழியும் தோல் நிறமும் வேறுவேறாகப் படைத்தவனும் நீயே. நைல் இல்லாத அந்த நாடுகளுக்கு வானத்தில் ஒரு நைலை வைத்தாய்! மழையைப் பற்றித்தான் சொல்கிறார்கள். மழையே அபூர்வமான நாட்டில் இருந்துகொண்டு எழுதியவருக்கு மழை, தலைக்கு மேல் ஓடும் ஆறாகத் தெரிந்திருக்கிறது.

சரி, இதே பாடலின் கடைசிப் பகுதிக்கு வாருங்கள். உன்னை அறிந்தவர் உன் மகன் அக்கெனாதெனைத் தவிர வேறு யாரும் இல்லை என்கிறது. மக்கள் கும்பிட்டது ஆதெனைக் கும்பிடும் அரசரை. அமர்னா வீடுகளின் தோட்டங்களிலும் கூடங்களிலும் கிடைத்த பூசைக் கற்களில் இருப்பது, மடியில் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் அரச குடும்பம்.

பழைய தெய்வங்களும் முழுசாகப் போய்விடவில்லை. சூரியத் தெய்வம் ரே தடையில்லாமல் இருந்தார். மஆத் என்ற அறத்தின் பெயரைத் தன் பட்டங்களில் அரசரே வைத்துக்கொண்டார். ரேயின் புனிதக் காளையான ம்னெவிஸுக்குப் புதுத் தலைநகரின் மலையில் கல்லறை வெட்டச் சொல்லி எல்லைக்கல்லிலேயே எழுதினார். வேலையாட்களின் வீடுகளில் குட்டைத் தெய்வம் பெஸ், பிள்ளைப்பேற்றுக்குத் துணையான நீர்யானைத் தெய்வம் தவெரெத் ஆகியோரின் தாயத்துகள் தாராளமாகக் கிடைத்துள்ளன. பிரசவ வலி வந்த பெண்ணுக்கு, அரசரின் மூக்கருகே கை நீட்டும் வட்டம் என்ன ஆறுதல் தந்திருக்கும்?

ஆகவே 'முதல் ஓரிறையாளர்' என்ற பட்டத்தை நான் தயங்கித்தான் கொடுப்பேன். ஒரே கடவுள் என்று அறிவித்த முதல் அரசர் என்றால் சரி.

அவருடைய கோயிலில் என்ன வித்தியாசம்?

பழைய எகிப்தியக் கோயிலுக்குள் போகப்போக வெளிச்சம் குறையும், கூரை தாழும், தரை உயரும். கடைசியில் இருட்டான கருவறை. அதில் தெய்வத்தின் சிலை. பூசாரி காலையில் கதவைத் திறந்து, சிலைக்குத் துணி சாத்தி, எண்ணெய் பூசி, உணவு படைப்பார். திருவிழா நாளில் சிலை படகு வடிவ வாகனத்தில் தோள்மேல் ஏறி வெளியே வரும். சாதாரண மக்கள் கடவுளை நெருங்கியது அந்த நாளில்தான்.

ஆதென் கோயிலுக்குக் கூரை கிடையாது. சிலையும் இல்லை, கடவுள்தான் தலைக்கு மேலேயே இருக்கிறாரே. வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான படையல் மேடைகள், எல்லாம் வெட்டவெளியில். ஊர்வலமும் மாறியது. தெய்வ வாகனம் போய், அரசரும் அரசியும் தேரில் ஏறி அரண்மனையிலிருந்து கோயிலுக்குப் போவதே விழாவானது.

அந்த வெயில் யாரை வாட்டியது என்பதற்கு ஒரு கடிதம் இருக்கிறது. அசீரிய அரசர் அஷூர்-உபல்லித் எழுதியது: என் தூதர்களை ஏன் வெயிலிலேயே நிறுத்திவைக்கிறீர்கள்? வெயிலில் நிற்பதால் அரசருக்கு நன்மை என்றால் நின்று சாகட்டும். இல்லையென்றால் தூதர்கள் ஏன் சாக வேண்டும்? மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டு பழைய எரிச்சல், இன்னும் சூடு ஆறவில்லை.

புதுத் தலைநகரம் எங்கே இருந்தது?

கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 300 கிலோமீட்டரில், மின்யா மாகாணத்தில், நைலின் கிழக்குக் கரையில். இன்றைய பெயர் அமர்னா; அன்று அக்கெதாதென், 'ஆதெனின் அடிவானம்'. கிழக்கு மலைத்தொடரில் அங்கே ஓர் இடைவெளி உண்டு. அதன் நடுவே சூரியன் எழும்போது, 'அடிவானம்' என்பதற்கான எகிப்திய எழுத்தின் வடிவமாகவே தெரியும். எந்தத் தெய்வத்துக்கும் எந்த ஆளுக்கும் சொந்தமில்லாத இடம் என்று அரசர் பெருமையாக எழுதிவைத்தார். வேறு ஊரில் இறந்தாலும் தன்னை இங்கே கொண்டுவந்துதான் அடக்க வேண்டும் என்பதும் கல்லில் இருக்கிறது.

சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் குடியேறிய நகரமாக அது எழுந்தது. இந்த வேகத்துக்குக் காரணம் ஒரு சின்னக் கல்: சுமார் 52 செ.மீ. நீளம், 26 செ.மீ. அகலம். பின்னாளில் தலதாத் என்று பெயர் பெற்றது. பழைய கோயில்களின் பாறைகளை இழுக்கக் கூட்டமே வேண்டும். இதை ஓர் ஆள் தோளில் தூக்கிப் போய்விடலாம்.

தூக்கியவர்கள் கதை வேறு. இந்த நூற்றாண்டில் அமர்னாவின் எளியவர் இடுகாடுகள் தோண்டப்பட்டபோது, தேய்ந்த மூட்டுகளும் நசுங்கிய முதுகெலும்புகளும் சத்துக் குறைவால் வளராத குழந்தைகளின் எலும்புகளும் கிடைத்தன. வடக்குப் பக்க இடுகாடு ஒன்றில் பெரும்பாலானோர் 7 முதல் 25 வயதுக்குள். கல்லறைச் சுவரில் மேசை நிறைய இறைச்சியும் ரொட்டியும் பார்த்துவிட்டு இந்த எலும்பு அறிக்கையைப் படித்தால் தொண்டையில் ஏதோ அடைக்கும்.

சிலைகளில் ஏன் அவ்வளவு விசித்திரமாக இருக்கிறார்? நோயா?

நீண்ட முகம், தடித்த உதடு, மெலிந்த கை, அகன்ற இடுப்பு, தொங்கும் வயிறு. 1925இல் கர்நாக்கின் கிழக்கே வடிகால் வெட்டியபோது இப்படிப்பட்ட ராட்சதச் சிலைகள் வெளிவந்தன. அன்றிலிருந்து மருத்துவர்கள் நோய்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மார்ஃபன் நோய் என்பது அதில் பிரபலம். ஆனால் அவருடையதாகக் கருதப்படும் எலும்புக்கூட்டில் அப்படி ஏதும் இல்லை. அதோடு, அரசியையும் மகள்களையும் ஏன் அதிகாரிகளையும்கூட அதே பாணியில்தான் செதுக்கினார்கள். ஊருக்கே ஒரே நோயா என்ன! தலைமைச் சிற்பி பெக், தனக்குக் கற்றுக்கொடுத்தவர் அரசரே என்று அஸ்வான் பாறையில் எழுதியிருக்கிறார். இது மேலிடத்து உத்தரவு.

நெஃபர்டிட்டியின் பங்கு என்ன?

அக்கெனாதெனின் பட்டத்தரசி. பெயருக்கு 'அழகி வந்துவிட்டாள்' என்று பொருள். பெர்லினில் இருக்கும் அந்த வண்ணச் சிலை, 1912 டிசம்பர் 6 அன்று அமர்னாவில் துத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையில் கிடைத்தது. இடது கண்ணில் மணி பதிக்கப்படவில்லை. அழகைத் தாண்டியும் அவருக்கு இடம் இருந்தது. கர்நாக்கின் ஆதென் கோயிலொன்றில் அரசர் இல்லாமல் அவரே ஆதெனுக்குப் படையல் வைக்கிறார். ஒரு கல்லில், அரசர்கள் மட்டும் செய்வதாகக் காட்டப்படும் முறையில் எதிரியைத் தண்டிக்கிறார். ஆறு மகள்கள். நடுவில் அவர் ஒதுக்கப்பட்டார் என்ற கதை நெடுநாள் உலவியது. 16ஆம் ஆட்சியாண்டில் அவர் இன்னும் பட்டத்தரசியே என்று காட்டும் கற்சுரங்க எழுத்து 2012இல் அறிவிக்கப்பட்டதும் அது அடிபட்டுப்போனது.

மோசேக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

மோசே ஆதென் மதத்தைச் சேர்ந்த எகிப்தியர் என்று 1939இல் சிக்மண்ட் ஃபிராய்ட் எழுதப்போய் இது பரவியது. கேட்கச் சுவையாக இருக்கிறது; சான்று எதுவும் இல்லை. இஸ்ரேல் என்ற பெயர் எகிப்தியக் கல்வெட்டில் முதலில் வருவதே பாரோ மெர்னெப்தா காலத்தில், அக்கெனாதெனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. 104ஆம் சங்கீதத்துக்கும் ஆதென் பாடலுக்கும் ஒற்றுமை உண்டு, இரவில் இரைதேடும் சிங்கம் இரண்டிலும் வருகிறது. நேராக எடுத்தாண்டார்கள் என்பதைவிட, அந்தப் பகுதியின் பொதுவான துதிப்பாடல் மரபு என்பதே பொருத்தம்.

மதம் மதம் என்று நாட்டைக் கோட்டைவிட்டாரா?

முழுப்பழி போட முடியாது. 1887இல் அமர்னாவில் கிடைத்த களிமண் பலகைகள் சுமார் 380. பெரும்பாலும் அக்காடிய மொழியில், ஆப்பெழுத்தில் எழுதிய கடிதங்கள். பிப்லோஸ் சிற்றரசர் ரிப்-ஹத்தா மட்டும் 60க்கும் மேல் எழுதித் தள்ளியிருக்கிறார்: படை அனுப்புங்கள், படை அனுப்புங்கள் என்று. வடக்கே ஹிட்டைட்டுகள் வளர்ந்தார்கள், எகிப்தின் பிடி தளர்ந்தது. ஆனால் கானான் முழுக்கக் கைநழுவிவிடவில்லை.

எனக்குப் பிடித்தது மித்தானி அரசர் துஷ்ரத்தாவின் புலம்பல். உங்கள் அப்பா எனக்குக் கெட்டிப் பொன்னில் சிலைகள் தருவதாகச் சொன்னார். நீங்களோ மரத்தில் பொன் தகடு ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள் என்கிறார். அதோடு விடாமல், உங்களுக்குத் தெரியாததா என்று தாய் தீயேவுக்கும் தனிக் கடிதம் போட்டார்.

அவர் உடல் கிடைத்ததா?

1907இல் அரசர் பள்ளத்தாக்கில் 55ஆம் எண் கல்லறை திறக்கப்பட்டது. உள்ளே இருந்த சவப்பெட்டியின் பொன்முகம் பிய்க்கப்பட்டிருந்தது; பெயர் இருந்த சட்டங்கள் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. அதிலிருந்தவர் துட்டன்காமுனின் தந்தை என்று 2010இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. அக்கெனாதென்தான் என்று பலரும் ஏற்கிறார்கள். எலும்பின் வயது குறைவாகத் தெரிவதால், அவருக்குப்பின் சிறிது காலம் ஆண்ட ஸ்மென்க்காரே என்போரும் உண்டு.

அவருக்குப்பின் ஆதென் என்ன ஆனார்?

பட்டத்துக்கு வந்த சிறுவனின் பெயர் முதலில் துட்டன்காதென். அது துட்டன்காமுன் ஆனது. மனைவியின் பெயரிலும் ஆதென் போய் ஆமுன் வந்தார். பையன் பெயரில் கர்நாக்கில் நாட்டிய கல்வெட்டு, தெற்கே எலிஃபன்டைனிலிருந்து வடக்கே கழிமுகச் சதுப்பு வரை கோயில்கள் புதர் மண்டிக் கிடந்தன, கூப்பிட்டால் எந்தத் தெய்வமும் வரவில்லை என்று அழுகிறது. அவருடைய கல்லறையில் கிடைத்த தங்க அரியணையைப் பாருங்கள். சாய்மானத்தில் ஆதெனின் கைநீட்டும் கதிர்கள் அப்படியே இருக்கின்றன. பெயர்களில் ஓரிடத்தில் துட்டன்காதென், இன்னோரிடத்தில் துட்டன்காமுன். மாற்றத்தை இவ்வளவு பக்கத்தில் காட்டும் பொருள் வேறில்லை.

பிறகு பாரோவான ஹோரெம்ஹெப் கர்நாக்கின் ஆதென் கோயில்களைப் பிரித்து, அந்தத் தலதாத் கற்களைத் தன் கோபுரங்களுக்குள் நிரப்பினார். மறைக்கத்தான் செய்தார். வெயிலும் மணலும் படாமல் பல்லாயிரம் கற்கள் வண்ணத்தோடு பிழைத்ததற்கு அதுவே காரணம். அபைதோஸ் கோயிலில் முதலாம் சேத்தி செதுக்கிய அரசர் பட்டியல், மூன்றாம் ஆமென்ஹோதெப்பிலிருந்து நேரே ஹோரெம்ஹெப்புக்குத் தாவுகிறது.

பெயரைச் சொல்லாமல் இருப்பதிலும் ஒரு சங்கடம் இருந்தது. இரண்டாம் ராம்சேஸ் காலத்தில் மெஸ் என்பவர் குடும்ப நிலத்துக்காக வழக்காடி, அதைத் தன் சக்காராக் கல்லறையில் எழுதிவைத்தார். பழைய விவகாரம் ஒன்று அக்கெனாதென் ஆட்சியில் நடந்தது என்று சொல்லியாக வேண்டும். எழுதினார்கள்: 'அக்கெதாதென் ஊர்ப் பகைவன் காலத்தில்'.